நாய் பெயரும் ஆச்சரியக்குறியும்: என் கடவுச்சொல் எப்படிப் பிடிபட்டது?

வழிப்போக்கன் | திங்கள், இரவு 9.14

மூன்று நாளாகத் தூக்கம் சரியில்லை. விவரம் தெரிந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள் என்பதால் வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன்.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாகக் கடவுச்சொல்லுக்கு ஒரு சூத்திரம் வைத்திருந்தேன். முதலில் நான் வளர்த்த முதல் நாயின் பெயர். அதன் தொடக்கம் பெரிய எழுத்து. நடுவில் வரும் 'ஏ' எழுத்துக்குப் பதிலாக மின்னஞ்சல் முகவரியில் வரும் 'அட்' குறி. அதன்பின் தளத்தின் பெயரில் முதல் மூன்று எழுத்துகள், நான் பிறந்த ஆண்டு, கடைசியில் ஓர் ஆச்சரியக்குறி. தளத்துக்குத் தளம் மாறும், எனக்கும் மறக்காது. எங்கே கொடுத்தாலும் 'வலுவானது' என்று பச்சைப் பட்டை எரியும். உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் யாரோ என் மின்னஞ்சலுக்குள் நுழைந்துவிட்டார்கள். இரண்டாவது முயற்சியிலேயே கடவுச்சொல்லைச் சரியாகக் கொடுத்திருக்கிறார்கள். நுழைந்த கால் மணி நேரத்தில் என்னுடைய வேறு நான்கு கணக்குகளில் 'கடவுச்சொல் மறந்துவிட்டது' என்று கோரிக்கை போயிருக்கிறது.

மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன். ஆனாலும் உறுத்துகிறது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண், குறி எல்லாம் இருந்தும் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? இனி எப்படி அமைப்பது?

ஆந்தைக்கண் | இரவு 9.41

விளக்கம் பிறகு. முதலில் எரிகிற இடத்தைப் பாருங்கள். கடவுச்சொல்லை மாற்றியது போதாது. மின்னஞ்சல் அமைப்புகளுக்குள் போங்கள். மீட்புக்காகக் கொடுத்திருக்கும் தொலைபேசி எண்ணும் மாற்று முகவரியும் உங்களுடையவைதானா? ஏற்கெனவே உள்ளே இருக்கும் கருவிகள் எல்லாவற்றையும் வெளியேற்றினீர்களா? வடிகட்டி விதிகளிலும் முன்னனுப்பும் விதிகளிலும் நீங்கள் எழுதாதது ஏதாவது இருக்கிறதா? கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

வழிப்போக்கன் | இரவு 10.03

இருந்தது ஐயா. 'கடவுச்சொல்', 'சரிபார்ப்பு' ஆகிய சொற்களுக்கான ஆங்கிலச் சொற்கள் வரும் மடல்களையெல்லாம் ஏதோ ஒரு முகவரிக்கு அனுப்பிவிட்டு, என் பெட்டியிலிருந்து அழித்துவிடும்படி ஒரு விதி. நான் பூட்டை மாற்றிவிட்டு நிம்மதியாக இருந்திருக்கிறேன். அவன் சன்னலைத் திறந்து வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறான். அழித்துவிட்டேன். மீட்பு எண் என்னுடையதுதான்.

ஆந்தைக்கண் | இரவு 10.38

நல்லது. இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

உங்கள் கடவுச்சொல்லை யாரும் 'கண்டுபிடிக்கவில்லை'. எங்கோ ஒரு தளம் அதைத் தவறவிட்டது. சிறிய தளம் ஏதாவது, நீங்களே மறந்துபோனது. அதன் தரவுத்தளம் கசிந்து, மின்னஞ்சல் முகவரியும் கடவுச்சொல்லும் ஜோடியாக ஒரு பட்டியலில் ஏறியிருக்கும். அந்த ஜோடியை நூற்றுக்கணக்கான தளங்களில் போட்டுப் பார்ப்பது மனிதர்கள் இல்லை, நிரல்கள். முதல் முயற்சி அந்தப் பழைய கடவுச்சொல் அப்படியே, அது தோற்றது. இரண்டாவது முயற்சியில் நடுவில் இருந்த மூன்று எழுத்துகளை மட்டும் மாற்றியிருப்பார்கள். உங்கள் சூத்திரத்தில் பூட்டின் பெயரையே சாவியில் எழுதி வைத்திருந்தீர்கள்.

முதல் எழுத்தைப் பெரியதாக்குவது, 'ஏ'யை 'அட்' குறியாக்குவது, முடிவில் ஆண்டும் ஆச்சரியக்குறியும் சேர்ப்பது எல்லாம் கடவுச்சொல் உடைக்கும் மென்பொருள்களில் ஆயத்த விதிகளாகவே இருக்கின்றன. ஏன் தெரியுமா? 2009-இல் ராக்யூ என்ற நிறுவனத்தின் தரவுத்தளம் கசிந்தபோது 3.2 கோடிக் கடவுச்சொற்கள், எந்த மறைப்பும் இல்லாமல், எழுதிய எழுத்திலேயே வெளியே வந்தன. அவற்றில் அதிகம் பேர் வைத்திருந்தது 123456. மனிதர்கள் எப்படி யோசித்துக் கடவுச்சொல் வைக்கிறார்கள் என்பதற்கு அதைவிட நல்ல பாடப்புத்தகம் திருடர்களுக்குக் கிடைத்ததில்லை. உங்கள் கெட்டிக்காரத்தனத்தை உங்களுக்கு முன்பே லட்சம் பேர் காட்டியிருக்கிறார்கள்.

இதில் விவரம் தெரிந்தவர், தெரியாதவர் என்ற பேதம் இல்லை. 2012-இல், இணையத்தில் கோப்புகளைச் சேமித்துத் தரும் டிராப்பாக்ஸ் நிறுவனத்தின் ஊழியர் ஒருவரின் கணக்குக்குள் நுழைந்தவர்கள் பயன்படுத்தியது வேறொரு தளத்திலிருந்து திருடிய கடவுச்சொல்தான். அந்த ஆண்டு நடந்த கசிவில் 6.8 கோடிக்கும் மேற்பட்ட கணக்குகளின் விவரங்கள் போயின என்பது 2016-இல்தான் வெளியே தெரிந்தது.

எண்சாண் | செவ்வாய், காலை 7.20

ஆந்தைக்கண் சொன்னதோடு கொஞ்சம் கணக்கும் சேர்க்கிறேன். கணக்கு பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம்.

தளங்கள் கடவுச்சொல்லை அப்படியே வைத்திருக்கக் கூடாது. 'ஹேஷ்' என்ற ஒருவழிக் கணக்கைப் போட்டு, வரும் விடையை மட்டும் வைத்திருக்க வேண்டும். விடையிலிருந்து கடவுச்சொல்லுக்குத் திரும்பி வர வழி இல்லை. அதனால் திருடன் ஊகிக்கிறான்: ஒரு சொல்லை எடுத்து அதே கணக்கைப் போட்டு, விடை பொருந்துகிறதா என்று பார்க்கிறான். உள்நுழைவுப் பக்கத்தில் பத்து முறை தவறினால் கதவு அடைத்துக்கொள்ளும். கசிந்த கோப்பு அவன் மேசையில் இருக்கும்போது தடுக்க யாரும் இல்லை.

சிறிய ஆங்கில எழுத்துகளில் எட்டு என்றால் மொத்த வாய்ப்புகள் ஏறத்தாழ 20,900 கோடி. பெரிய எண்தான். ஆனால் தளம் எம்டி5 போன்ற பழைய, வேகமான ஹேஷைப் பயன்படுத்தியிருந்தால், கணினி விளையாட்டுக்காக விற்கும் உயர்தர வரைகலை அட்டை ஒன்றே விநாடிக்குப் பத்தாயிரம் கோடி ஊகங்களைத் தாண்டுகிறது. இரண்டு விநாடியில் வேலை முடிந்துவிடும். விசைப்பலகையின் 95 குறிகளையும் கலந்து எட்டு வைத்தால் அதே வேகத்தில் பதினெட்டரை மணி நேரம். அதுவும் எழுத்துகளைத் தற்செயலாக எடுத்திருந்தால்தான். நாய் பெயரில் தொடங்கியிருந்தால் அந்தக் கணக்கே செல்லாது.

இது புதிதும் இல்லை. யுனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ப்சனும் ராபர்ட் மோரிஸும் 1979-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், திரட்டிய 3,289 கடவுச்சொற்களை அலசினார்கள். 86 சதவீதம் மிகக் குறுகியவை அல்லது அகராதியிலோ பெயர்ப் பட்டியலிலோ இருப்பவை. 1988-இல் கணினிக்குக் கணினி தானே பரவி இணையத்தையே திணறவைத்த புழு நிரல் கையோடு கொண்டு போனது 432 சொற்கள் கொண்ட ஒரு சிறு பட்டியலை. அந்தப் புழுவை எழுதியவர் அதே மோரிஸின் மகன்! அப்பா எழுதிய எச்சரிக்கையை மகன் செய்முறையாகக் காட்டிவிட்டார்.

கணினிக்காவலன் | செவ்வாய், காலை 10.05

ஓர் அலுவலகத்தில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் விதி எளிது: எட்டு எழுத்துக்குக் குறையக் கூடாது; பெரியது, சிறியது, எண், குறி நான்கும் வேண்டும்; தொண்ணூறு நாளுக்கு ஒரு முறை கட்டாயம் மாற்ற வேண்டும். திரு. வழிப்போக்கன் அவர்கள் பத்து ஆண்டுகளாக மாற்றாமல் இருந்ததுதான் கோளாறு. ஒழுங்காக மாற்றியிருந்தால் கசிந்தது செல்லாக்காசாகியிருக்கும்.

மலர்விழி | செவ்வாய், காலை 10.31

கணினிக்காவலன் ஐயா, உங்களைப் போன்ற ஒரு பிரிவின் கீழ் ஏழு ஆண்டுகள் வேலை செய்தேன். தொண்ணூறாம் நாள் காலையில் எல்லோரும் என்ன செய்வோம் தெரியுமா? முடிவில் இருக்கும் 1-ஐ 2 ஆக்குவோம். நான் விலகும்போது என் கடவுச்சொல் 29-இல் நின்றது. பக்கத்து இருக்கைக்காரருக்கு அது தெரியும். அவருடையது எனக்குத் தெரியும்.

ஆந்தைக்கண் | செவ்வாய், காலை 11.12

மலர்விழி சொன்னதே பதில். ஆனால் கணினிக்காவலன் இந்த விதியைத் தானாக உருவாக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நான்கு வகைக் குறிகள், காலக்கெடு என்ற பழக்கம் உலகெங்கும் பரவியதில் அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2003-இல் வெளியிட்ட வழிகாட்டிக்குப் பெரிய பங்கு உண்டு. அதை எழுதிய பில் பர், 2017-இல் ஒரு பேட்டியில், தான் எழுதியதில் பெரும்பகுதிக்காக இப்போது வருந்துவதாக வெளிப்படையாகச் சொன்னார். அதே ஆண்டு நிஸ்ட் வழிகாட்டியைத் திருப்பி எழுதியது: குறி கட்டாயம், எண் கட்டாயம் என்று நிர்ப்பந்திக்காதே; கசிந்ததற்கு ஆதாரம் இல்லாமல் மாற்றச் சொல்லாதே; குறைந்தது 64 எழுத்துகள் வரை எழுத இடம் கொடு; புதிதாக வைக்கும் கடவுச்சொல் ஏற்கெனவே கசிந்த பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் மறுத்துவிடு. 2025-இல் வந்த அடுத்த பதிப்பு இன்னும் கண்டிப்பானது. கடவுச்சொல் ஒன்றை மட்டுமே நம்பும் இடத்தில் 15 எழுத்துகளுக்குக் குறையக் கூடாது என்கிறது.

சொன்னவரே திருத்திக்கொண்டுவிட்டார். நம் அலுவலகங்கள்தான் இன்னும் 2003-இல் இருக்கின்றன.

கணினிக்காவலன் | செவ்வாய், மதியம் 1.48

தணிக்கைக்கு வருபவர்களின் படிவத்தில் இன்னமும் 'எத்தனை நாளுக்கு ஒரு முறை மாற்றப்படுகிறது?' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் நான் என்ன எழுதுவது என்று நீங்கள் சொல்லுங்கள். மற்றபடி உங்கள் வாதத்தை மறுக்கவில்லை. கசிந்த பட்டியலோடு ஒப்பிடும் யோசனையை மேலிடத்தில் கேட்டுப் பார்க்கிறேன்.

சுட்டிஎலி | செவ்வாய், மாலை 6.02

நான் பின்பற்றும் வழி இது, எல்லோருக்கும் பயன்படும் என்று சொல்கிறேன். மிகவும் பிடித்த ஒரு திரைப்பாட்டின் முதல் வரியை எடுத்து ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தையும் சேர்த்தால்… [மீதி நீக்கப்பட்டது]

நெறியாளர் | செவ்வாய், மாலை 6.10

சுட்டிஎலி, பாட்டின் பெயரோடு உங்கள் கடவுச்சொல்லையே எழுதிவிட்டீர்கள். நீக்கியிருக்கிறேன். எட்டு நிமிடங்கள் பொதுவெளியில் இருந்தது. தயவுசெய்து இப்போதே மாற்றுங்கள்.

சுட்டிஎலி | செவ்வாய், மாலை 6.25

மாற்றிவிட்டேன். மூன்று இடங்களில். (ஆம், மூன்று இடங்களிலும் ஒன்றேதான். யாரும் எதுவும் சொல்ல வேண்டாம்.)

எண்சாண் | செவ்வாய், இரவு 8.15

சொல்லாமல் இருக்க முடியவில்லை தம்பி. பாட்டு வரி, பழமொழி, பள்ளியில் மனப்பாடம் செய்த செய்யுள் எதுவுமே வேண்டாம். உங்களுக்கு மனப்பாடமாக இருப்பது பல கோடிப் பேருக்கும் மனப்பாடம். அவையெல்லாம் இணையத்தில் எழுத்தாகக் கிடக்கின்றன. அள்ளிப் பட்டியலாக்க நேரமே ஆகாது.

மனிதனுக்குத் தற்செயலாக யோசிக்க வராது. நாம் 'ஏதோ ஒரு சொல்' என்று நினைப்பதே நம்முடைய பழக்கத்திலிருந்துதான் வருகிறது. அதனால் தேர்வை நம் கையிலிருந்து பிடுங்கித் தாயக்கட்டைக்குக் கொடுக்க வேண்டும். ஆர்னால்ட் ரைன்ஹோல்ட் என்பவர் 1995-இல் டைஸ்வேர் என்று ஒரு முறையை வெளியிட்டார். ஆறு முகத் தாயக்கட்டையை ஐந்து முறை உருட்டினால் 7,776 விடைகள் வரலாம். ஒவ்வொரு விடைக்கும் ஒரு சொல் என்று பட்டியல். ஐந்து உருட்டலுக்கு ஒரு சொல். ஆறு சொற்கள் சேர்ந்தால் ஒரு கடவுத்தொடர்.

காலையில் சொன்ன அதே வேகத்தில் உடைக்க நினைத்தால் நான்கு சொற்களுக்குப் பத்து மணி நேரம். ஐந்துக்கு ஒன்பது ஆண்டு. ஆறுக்கு எழுபதாயிரம் ஆண்டு. ஒரு சொல் கூடும்போது என்ன நடக்கிறது பாருங்கள்! திருடனிடம் அதே பட்டியல் இருந்தாலும், நீங்கள் தாயக்கட்டை உருட்டியது தெரிந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. அதுதான் இதன் அழகு. சூத்திரம் ரகசியமாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஒரே நிபந்தனை: வந்த சொல் பிடிக்கவில்லை என்று மறுபடி உருட்டக் கூடாது. பிடித்த சொல் வரும் வரை உருட்டினால் தேர்வு உங்கள் கைக்குத் திரும்பிவிடும்.

மலர்விழி | செவ்வாய், இரவு 9.02

அப்படியானால் தமிழிலேயே வைக்கலாமே? திருடர்களின் பட்டியல்கள் பெரும்பாலும் ஆங்கிலம்தானே? தமிழ் யூனிகோடில் எட்டுச் சொல் எழுதிவிட்டால் யார் தொடுவார்கள்?

எண்சாண் | செவ்வாய், இரவு 9.50

ஆசையான யோசனை, நானும் செய்து பார்த்துக் கை சுட்டுக்கொண்டவன்.

முதல் சிக்கல்: 'கொ' என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடில் அதை இரண்டு விதமாக எழுதலாம். 'க'வோடு 'ொ' என்ற ஒரே குறியைச் சேர்க்கலாம். ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியே அடுத்தடுத்தும் சேர்க்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கணினிக்கு வெவ்வேறு. தளம் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டு ஹேஷ் போட்டால் தப்பித்தோம். போடாவிட்டால், கைப்பேசி விசைப்பலகையில் வைத்த கடவுச்சொல் கணினியில் தட்டும்போது 'தவறு' என்று வரும். கடவுச்சொல் பெட்டியில் எழுத்து வட்டப் புள்ளிகளாகத்தான் தெரியும் என்பதால் எங்கே பிழை என்று பார்க்கவும் முடியாது. அரை நாள் என் கணக்குக்கு வெளியே நின்றிருக்கிறேன்.

இரண்டாவது சிக்கல் இன்னும் நுட்பமானது. பிகிரிப்ட் என்ற ஹேஷ் முறை 1999-இல் வந்தது. வேண்டுமென்றே மெதுவாக ஓடும் நல்ல முறை, இன்றும் பரவலாக இருக்கிறது. ஆனால் அது கடவுச்சொல்லில் முதல் 72 பைட்டுகளை மட்டுமே பார்க்கும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். 'க்' என்பது 'க'வும் புள்ளியுமாக இரண்டு குறி, அதாவது ஆறு பைட். மொத்தம் 24 குறிகளோடு இடம் முடிந்துவிடும். நீங்கள் ஆசையாக எழுதிய எட்டுச் சொற்களில் மூன்றாவதோ நான்காவதோ தாண்டாது. மீதியை அது பார்க்கவே பார்க்காது. இந்த 72 பைட் எல்லை பெரியவர்களையும் கவிழ்த்திருக்கிறது. 52 எழுத்துக்குக் குறையாத பயனர் பெயர் இருந்தால், சில சூழ்நிலைகளில் கடவுச்சொல்லே இல்லாமல் நுழைய முடிந்த ஒரு பிழையை, நிறுவனங்களுக்கு உள்நுழைவுச் சேவை தரும் ஆக்டா 2024-இல் அறிவித்தது. பயனர் பெயரே இடத்தை நிரப்பிவிட்டதால் கடவுச்சொல்லுக்கு இடம் இல்லாமல் போயிற்று!

தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதலாம், அது பாதுகாப்பானதுதான். அகராதியைத் தாயக்கட்டையால் புரட்டுங்கள். பக்கமும் அந்தப் பக்கத்தில் எத்தனையாவது சொல் என்பதும் உருட்டலில் வரட்டும், கண் தேட வேண்டாம். ஒரு தொல்லை மட்டும் உண்டு. மழையா மலையா என்று ஆங்கில எழுத்தில் நீங்கள் எப்படி எழுதினீர்கள் என்பதை நினைவில் வைக்க வேண்டும். 'ழ' வரும் சொல்லுக்கு எப்போதும் ஒரே எழுத்துக்கூட்டல் என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

சுட்டிஎலி | செவ்வாய், இரவு 10.11

தமிழ் 99 விசைப்பலகை நினைப்பில், ஆங்கில நிலையில் வைத்துக்கொண்டே தமிழ்ச் சொல்லைத் தட்டினால்? ஒன்றுமே புரியாத எழுத்துக் குவியலாக வருகிறதே அக்கா! (மலர்விழி அக்காவுக்கு.)

ஆந்தைக்கண் | செவ்வாய், இரவு 10.40

தைவானில் சீன ஒலிக்குறிகளைத் தட்டும் ஸூயின் விசைப்பலகை என்று ஒன்று புழக்கத்தில் இருக்கிறது. அதை நினைத்துக்கொண்டு ஆங்கில நிலையில் 'என் கடவுச்சொல்' என்று தட்டினால் எழுத்தும் எண்ணும் கலந்து பன்னிரண்டு குறிகள் வரும். யார் பார்த்தாலும் அருமையான கடவுச்சொல் என்பார்கள். 2019-இல் கசிவுப் பட்டியல்களில் தேடியபோது அது நூறு முறைக்கு மேல் இருந்தது. உங்களுக்குத் தோன்றிய தந்திரம் உங்கள் மொழிக்காரர் எல்லோருக்கும் தோன்றும்.

பழையபேனா | புதன், காலை 6.30

எனக்கு வயது எழுபத்து மூன்று. நாற்பது ஆண்டுகள் எழுத்தராக இருந்தவன். கடவுச்சொற்களை ஒரு நோட்டில் எழுதி அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன். பேரன் பார்த்துவிட்டுச் சிரித்தான். 'தாத்தா, எழுதியே வைக்கக் கூடாது' என்றான். நோட்டில் இருக்கும் ஐம்பத்தொன்றும் ஐம்பத்தொரு விதம். நான் செய்வது தவறா?

ஆந்தைக்கண் | புதன், காலை 7.05

வணக்கம் ஐயா. இந்த இழையிலேயே ஒழுங்காக இருப்பவர் நீங்கள் ஒருவர்தான். உங்கள் அலமாரியைத் திறக்க ஒருவன் உங்கள் வீட்டுக்கு வர வேண்டும். வழிப்போக்கனின் கணக்கைத் திறந்தவன் எந்தக் கண்டத்தில் இருந்தான் என்பதுகூடத் தெரியாது. பாதுகாப்புத் துறையில் பெயர் பெற்ற புரூஸ் ஷ்னையரே 2005-இல், கடவுச்சொல்லைத் தாளில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதினார். சின்னத் தாள்களைப் பத்திரமாக வைத்துக்கொள்வது நமக்குப் பழகிய வேலை என்பது அவர் வாதம். வேலை செய்யும் இடத்தில் திரையின் ஓரத்தில் ஒட்டி வைப்பதுதான் தவறு. வீட்டில் இருப்பவர்களே படிக்கக் கூடாது என்ற நிலை இருந்தால் அது வேறு கதை.

ஒன்றே ஒன்று: நோட்டு இருக்கும் இடம் நம்பிக்கையான ஒருவருக்குத் தெரிந்திருக்கட்டும். அந்தப் பேரனிடமே சொல்லலாம்.

பழையபேனா | புதன், காலை 7.22

சொல்கிறேன். முதலில் அவன் கொஞ்சம் கெஞ்சட்டும்.

வழிப்போக்கன் | புதன், இரவு 9.30

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். ஒரு மலைப்பு. என் கணக்குகளை எண்ணிப் பார்த்தேன், 143. ஒவ்வொன்றுக்கும் ஆறு சொல் உருட்டி மனப்பாடம் செய்ய நான் என்ன அவதானியா? எல்லாக் கடவுச்சொற்களையும் பூட்டி வைத்துக்கொண்டு வேண்டும்போது நிரப்பித் தரும் கடவுச்சொல் மேலாளர் மென்பொருள் என்கிறார்கள். எல்லாச் சாவிகளையும் ஒரே பெட்டியில் போடுவது எனக்குப் பயமாக இருக்கிறது. அப்படிப்பட்ட ஒரு நிறுவனத்தில்கூடத் திருட்டுப் போனதாமே?

கணினிக்காவலன் | புதன், இரவு 10.14

இதில் எனக்கு அனுபவம் உண்டு. நீங்கள் கேள்விப்பட்டது 2022-இல் லாஸ்ட்பாஸில் நடந்தது. வாடிக்கையாளர்களின் பெட்டகங்களின் நகல்களையே எடுத்துப் போனார்கள். உள்ளே இருந்த கடவுச்சொற்கள் பூட்டியபடிதான் இருந்தன. ஆனால் எந்தெந்தத் தளத்தில் யாருக்குக் கணக்கு இருக்கிறது என்ற முகவரிகள் பூட்டாமல் இருந்தன. அது மன்னிக்க முடியாத சோம்பல். முதன்மைக் கடவுச்சொல் வலுவாக இருந்தவர்களின் பெட்டகத்தைத் திறப்பது நடக்காத காரியம். நாய் பெயர் வைத்திருந்தவர்கள் பாடுதான் திண்டாட்டம். இப்படிப்பட்ட நாளுக்காகத்தான் எண்சாண் சொன்ன ஆறு சொற்கள்.

கணினியிலேயே கோப்பாக வைத்துக்கொள்ளும் கீபாஸ் இருக்கிறது. கருவிகளுக்கு இடையே தானாக ஒத்திசையும் பிட்வார்டன் இருக்கிறது. இரண்டின் நிரலும் திறந்த மூலம், யாரும் படித்துப் பார்க்கலாம். கைப்பேசியும் உலாவியும் தாமே தரும் மேலாளரும் 'எல்லா இடத்திலும் ஒன்றே' என்பதைவிடப் பல மடங்கு மேல். எதை எடுப்பது என்று ஒரு மாதம் யோசிப்பதைவிட இன்றிரவே ஒன்றை எடுத்துவிடுங்கள்.

இன்னொரு லாபத்தை யாரும் சொல்வதில்லை. போலித் தளத்தில் அது கடவுச்சொல்லை நிரப்பாது. நம் கண் ஓர் எழுத்து மாறிய முகவரியைப் படித்து ஏமாறும். அது எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். பொருந்தாவிட்டால் வாயே திறக்காது. அது நிரப்ப மறுத்தால் எரிச்சல்பட்டுக் கையால் தட்டாதீர்கள். அப்போதுதான் நிறுத்தி முகவரியைப் பார்க்க வேண்டும்.

ஆந்தைக்கண் | வியாழன், காலை 8.00

கணினிக்காவலனுக்கு ஒரு வணக்கம். வழிப்போக்கன், 143-ஐயும் ஒரே நாளில் மாற்றத் தேவையில்லை. மனப்பாடம் செய்ய வேண்டியவை மூன்று: மேலாளர், மின்னஞ்சல், கணினி. மற்றவற்றுக்கு மேலாளரே இருபது எழுத்துக் குப்பையை உருவாக்கட்டும். நீங்கள் அதைப் பார்க்கக்கூட வேண்டாம். இன்றைக்கு மின்னஞ்சல், பணம் தொடர்பானவை. மற்றவை உள்நுழைய நேரும்போது ஒவ்வொன்றாக. பயன்படுத்தாதவற்றை மூடிவிடுங்கள்; இல்லாத கணக்கு கசியாது.

மின்னஞ்சலில், கடவுச்சொல்லுக்குப் பிறகு இன்னொரு சான்றும் கேட்கும் இரு படிச் சரிபார்ப்பை இயக்கிவிடுங்கள். குறுஞ்செய்தியில் வரும் எண் ஒன்றுமில்லாததற்கு மேல். ஆனால் உங்கள் எண்ணை வேறு சிம்முக்கு மாற்றிக்கொள்ளும் மோசடி அதை வீழ்த்திவிடும். முப்பது விநாடிக்கு ஒரு முறை ஆறு இலக்க எண் காட்டும் செயலி அதைவிட மேல். ஆனாலும் போலித் தளத்தில் அந்த எண்ணையும் நீங்களே தட்டிக் கொடுத்துவிடலாம். கடவுச்சொல்லுக்குப் பதிலாக உங்கள் கருவியில் இருக்கும் சாவியே உள்நுழைய வைக்கும் 'பாஸ்கீ'யைக் கொடுக்கும் தளங்களில் அதைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே தட்டுவதற்கே ஒன்றும் இல்லை. இரு படிச் சரிபார்ப்பு தரும் மீட்புக் குறியீடுகளைத் தாளில் அச்சிட்டுப் பழையபேனா ஐயாவைப் போல அலமாரியில் வையுங்கள்.

உங்கள் முகவரி எந்தக் கசிவுகளில் வந்திருக்கிறது என்று 'ஹேவ் ஐ பீன் போன்ட்' தளத்தில் பார்க்கலாம். டிராய் ஹன்ட் 2013-இல் தொடங்கியது. கடவுச்சொல்லையும் அங்கே சோதிக்கலாம். சொல்லை அது வாங்குவதில்லை. அதன் ஹேஷில் முதல் ஐந்து குறிகள் மட்டுமே போகும். அந்த ஐந்தில் தொடங்கும் நூற்றுக்கணக்கான ஹேஷ்களை அது திருப்பி அனுப்ப, உங்கள் உலாவியே பொருத்திப் பார்த்துக்கொள்ளும். 'உங்கள் கடவுச்சொல் எவ்வளவு வலு?' என்று கேட்கும் வேறு எந்தத் தளத்திலும் உண்மையானதைத் தட்டாதீர்கள்.

மலர்விழி | வியாழன், காலை 9.17

பாதுகாப்புக் கேள்விகளை விட்டுவிட்டீர்களே! 'அம்மாவின் பிறந்த ஊர்', 'முதல் பள்ளி'. 2008-இல் அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளர் சாரா பேலினின் மின்னஞ்சலைத் திறந்த கல்லூரி மாணவர் எந்தக் கடவுச்சொல்லையும் உடைக்கவில்லை. பிறந்த நாள், அஞ்சல் குறியீடு, கணவரை எங்கே சந்தித்தார் என்ற மூன்றுக்கும் இணையத்திலேயே விடை இருந்தது. கடவுச்சொல்லை மாற்றிக்கொண்டு அங்கே நுழைந்துவிட்டார். இரும்புக் கதவு வைத்துவிட்டுப் பின்கட்டில் ஓலைத் தட்டி!

அங்கே பொய் சொல்லுங்கள். ஆனால் கண்டபடி எழுத்துக் குவியலை வைக்காதீர்கள். தொலைபேசியில் ஒருவன் 'ஏதோ எழுத்தை அள்ளிப் போட்டேன், நினைவில்லை' என்று சொன்னால் பரிதாபப்பட்டுத் திறந்துவிடும் ஊழியர்கள் இருக்கிறார்கள். தாயக்கட்டைச் சொற்களையே அங்கேயும் வையுங்கள். மேலாளரில் குறித்து வையுங்கள்.

வழிப்போக்கன் | அடுத்த வியாழன், இரவு 8.50

கணக்குச் சொல்கிறேன். 143-இல் 61-ஐ மூடிவிட்டேன். 70 மாற்றியாயிற்று. மீதி 12-இல் பதினொன்றுக்குச் சோம்பல். ஒன்றுக்கு என்றோ அழிந்துபோன ஒரு பழைய முகவரியை மீட்பு முகவரியாகக் கொடுத்திருக்கிறேன். அது போனது போனதுதான். கசிந்தது எங்கே என்றும் தெரிந்தது. எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரே ஒரு முறை எதையோ வாங்கிய ஒரு சிறு தளம். நான் அதை மறந்தே போனேன். அது என்னை மறக்கவில்லை.

முதன்மைக் கடவுத்தொடருக்குத் தாயக்கட்டை உருட்டியதில் நான்காவதாக வந்த சொல் எனக்கு வாயில் நுழையவே இல்லை. எண்சாண் சொன்னதை நினைத்து அப்படியே வைத்துக்கொண்டேன். முதல் இரண்டு நாள் தாளைப் பார்த்துத் தட்டினேன். இப்போது விரல்களுக்கே தெரிகிறது. தாளை இன்னும் கிழிக்கவில்லை, அலமாரியில் இருக்கிறது.

பாதுகாப்புக் கேள்விகளை மாற்றப் போனபோதுதான் வயிறு கலங்கியது. 'உங்கள் முதல் வளர்ப்புப் பிராணியின் பெயர்?' ஒன்பது தளங்களில் அந்தக் கேள்விக்கு உண்மையான விடை கொடுத்திருந்தேன். கடவுச்சொல்லும் அதே நாய், மீட்கும் வழியும் அதே நாய். ஒன்பதிலும் தாயக்கட்டைச் சொற்களைப் போட்டுவிட்டேன்.

நேற்று அதில் ஒரு நிறுவனத்தின் உதவி மையத்தை அழைக்க வேண்டி வந்தது. சரிபார்ப்புக்காக அந்தப் பெண் நாயின் பெயரைக் கேட்டார். மேலாளரைத் திறந்து நான்கு சொற்களையும் நிதானமாக வாசித்தேன். மறுமுனையில் சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு, 'சரியாக இருக்கிறது சார். இவ்வளவு நீளமான பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நாய் வருமா?' என்று கேட்டார்.

சுட்டிஎலி | அடுத்த வியாழன், இரவு 9.04

அந்த நான்கு சொற்கள் என்ன அண்ணா?

நெறியாளர் | அடுத்த வியாழன், இரவு 9.05

வழிப்போக்கன், பதில் சொல்லாதீர்கள். இழை பூட்டப்படுகிறது.